புரூனோன்னு கூப்பிட்டா வராதுங்க

செருப்போடவே வாங்க தம்பி, பரவாயில்லை. ஊடு பூரா நாய் மசுருதான். காலைல கூட்டினா பொழுதோட மறுக்காவும் கூட்டோணும். கூட்டறதுக்கு வந்துட்டிருந்தவ சலிச்சுப்போய் நின்னுட்டா. உக்காருங்க. அம்மிணி கார்லயே இருக்கறாங்களா? இருக்கட்டும், நெம்ப நேரம் ஆகாது.

நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி எல்லாத்தையும் சொல்லிப்போடறனுங்க. பொறவு ‘வையாபுரி மறைச்சுப்போட்டாரு’ன்னு ஒரு சொல் வரக்கூடாது. லாரி ஓட்டுன காலத்துலயே எனக்கு அந்தப் பேரு கெடையாது. பழைய வண்டியை விக்கறப்பக்கூட, இன்ன இடத்துல ஒட்டுப் போட்டிருக்குது, இன்ன இடத்துல ஆயில் கசியுதுன்னு சொல்லித்தான் விப்பேன். சங்ககிரில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அந்த ரூம்ல கட்டில்ல படுத்திருக்கறது என்ற ஊட்டுக்காரிங்க. சம்பூரணம். வாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கிச்சு, பேச்சும் போயிருச்சு. நாய் அவ கட்டிலுக்குக் கீழதான் கெடக்குது. கொர்ருன்னு ஒரு சத்தம் கேட்குதுங்களா, அதுதான். நாம பேசறது அவளுக்குக் கேட்குமான்னு பார்க்கறீங்க. கேட்கும். புரியுமான்னா, டாக்டர் புரியும்னுதான் சொல்றாரு. புரிஞ்சா என்னங்க? நான் இல்லாததையா சொல்றேன்?

பெங்களூர்ல இருக்கறானுங்க என்ற பையன் பூபதி. அவன் வாங்குன நாய். மாடி ஊட்டுல வெச்சுப் பார்க்க முடியலைன்னு இங்க கொண்டாந்து விட்டான். புரூனோன்னு பேரும் அவன் வெச்சதுதான். கூடையில இருந்து தூக்கி எறக்குனப்ப சம்பூரணம் மூக்கைச் சுளிச்சா. “இதுக்கு மூச்சு விடறதே பெரும்பாடா இருக்குதே, இதை எதுக்குடா இப்படிப் பண்ணி வெச்சிருக்கறாங்க?”ன்னா. எனக்குப் பார்த்ததுமே புடிச்சுப் போச்சு. அந்த மூஞ்சி இருக்குது பாருங்க, யாரோ ஓங்கி அறைஞ்சு உள்ள தள்ளுன மாதிரி. கண்ணு ரெண்டும் எப்ப வெளிய விழுமோன்னு நிக்கும். எப்பப் பார்த்தாலும் எதுக்கோ வருத்தப்படற மாதிரியே இருக்கும். அதைப் பார்த்தா எனக்குச் சிரிப்பா வரும். நல்லா விழுந்து விழுந்து சிரிப்பனுங்க.

லாரியெல்லாம் வித்ததுக்கப்பறம் இந்த ஊட்டுக்கு ஒருத்தர் வர்றதில்லை. அதுக்கு முந்தி, வாசல்ல டிரைவர், கிளீனர், புரோக்கர்னு எந்நேரமும் நாலு பேரு நிப்பாங்க. எல்லாம் போச்சு. இந்த நாய் வந்த பொறவுதான் மறுபடியும் ஆளுக வந்தாங்க. ஸ்கூட்டர்ல முன்னால நிக்க வெச்சுட்டு டீக்கடைக்குப் போனா, “ஏனுங்க வையாபுரி, இது நாயா, கொரங்கா?”ன்னு கூட்டம் கூடிரும். இது என்ன தின்னும், எங்க கெடைக்கும், கடிக்குமான்னு கேட்பாங்க. எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லுவேன். அது ஒரு சந்தோசமுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

குறட்டை விடும். நீங்க தெரிஞ்சுக்கோணும். சின்னக் குறட்டை இல்லைங்க, டீசல் வண்டியை நிறுத்தாம விட்டா ஓடிட்டே இருக்குமே, அந்தச் சத்தம். எனக்கு அது தாலாட்டு மாதிரி. என்ற கட்டிலுக்குப் பக்கத்துலயே சாக்கு விரிச்சுப் படுக்க வெச்சேன். சம்பூரணமும் குறட்டை விடுவா. அவளை நான் கல்யாணமான புதுசுலயே சமையக்கட்டுக்குப் பக்கத்து ரூமுக்கு அனுப்பிப்போட்டேன். அவங்கப்பன்கிட்டயே சொன்னேன், இப்படி ஒரு சத்தம் இருக்குதுன்னு முன்னமே சொல்லியிருக்கோணும்னு. பாவம், மனுசன் தலையைக் குனிஞ்சுட்டுப் போனாரு. “ரெண்டு சத்தமும் ஒண்ணுதானேப்பா, நாயை மட்டும் எதுக்குப் பக்கத்துல வெச்சிருக்கற?”ன்னு பூபதி ஒருக்கா கேட்டான். ஒண்ணாங்க? அது வாயில்லாத ஜீவன்.

இன்னொண்ணு, மூஞ்சியில மடிப்பு இருக்குதுங்களா, அதுக்குள்ள அழுக்குச் சேரும். தொடைக்காம விட்டா புண்ணாகி நாத்தம் அடிக்கும். தினமும் பஞ்சை நனைச்சுத் தொடைக்கோணும், பொறவு ஈரமில்லாம ஒத்தி எடுக்கோணும். கண்ணுக்கு மருந்து விடோணும். நகத்தை வெட்டோணும். எச்சா தின்னா ஊதிப்போகும், ஊதிப்போனா மூச்சு முட்டும். இதையெல்லாம் சம்பூரணந்தான் பார்த்தா. வேற என்ன வேலை அவளுக்கு? மடியில போட்டுக்கிட்டு, மடிப்பு மடிப்பா விலக்கித் தொடைப்பா. தொடைக்கறப்ப என்னமோ பேசுவா. என்ன பேசுவாள்னு எனக்குத் தெரியாது. என்கூட அவ அப்படிப் பேசுனதில்லை.

வெயில் ஆகாதுங்க அதுக்கு. அதைச் சொல்லோணும்னா சித்திரை மாசக் கதையைச் சொல்லியாகோணும்.

டீக்கடையில ஒருத்தன், தன்ற ஊட்டுச் சிப்பிப்பாறை நாய் கோட்டை மலையில உச்சி முட்டும் ஏறி எறங்குதுன்னு பீத்திக்கிட்டான். “உங்க பொம்மை நாய் வாசப்படி ஏறுமா?”ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எப்படி இருக்குமுன்னு நெனைச்சுப் பாருங்க. வாய்யா போலாம்னு அப்படியே சங்கிலியைப் புடிச்சுட்டு நடந்தேன். கூட நாலஞ்சு பேரு வந்தாங்க. நல்ல வெயில்தான். ஆனா நானும்தானே ஏறுனேன்? எனக்கும் வயசாகலையா?

கொஞ்ச தூரம் நல்லாத்தான் வந்துச்சு. பொறவு உக்காந்துக்கிச்சு. இழுத்தேன். நாலு படி வந்து மறுபடியும் உக்காந்துக்கிச்சு. பின்னால வந்தவனுக சிரிக்கறானுக. லேசாக் காலால தள்ளுனேன். எந்திரிச்சு இன்னும் கொஞ்சம் ஏறுச்சுங்க, அதையும் சொல்லோணும், சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. அப்பறம் அப்படியே சரிஞ்சு படுத்துக்கிட்டு நாக்கை வெளிய தள்ளிருச்சு. நாக்கு நாவப்பழம் தின்ன மாதிரி ஆகிப்போச்சு. அந்தச் சிப்பிப்பாறைக்காரன்தான் “வையாபுரியண்ணா, தூக்குங்க, செத்துப்போகும்”ன்னு சத்தம் போட்டான். தூக்குனா என்ற வெள்ளைச் சட்டை மேலயே கக்கி வெச்சிருச்சு. அந்தச் சட்டையைப் பொறவு போடவே முடியலை.

ஊட்டுக்குக் கொண்டாந்தா, சம்பூரணம் என்ற கையில இருந்து புடுங்குனா தம்பி. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்ற கையில இருந்து ஒரு பொருளைப் புடுங்குனவ இல்லை அவ. குளிக்கற ரூம்ல கீழ படுக்க வெச்சு, ஈரச் சாக்கைப் போத்தி, வயித்துலயும் கால் இடுக்குலயும் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு விசிறிட்டே உக்காந்திருந்தா. “ராசு, ராசு, மூச்சு விடு சாமி”ன்னு அழுகறா. ராசுங்கறது அவளா அதுக்கு வெச்ச பேரு. பெத்த பையன் பெங்களூருக்குப் போனப்பக்கூட அவ அப்படி அழுகலை.

பொழைச்சுக்கிச்சு. ஆனா அன்னையோட என்கிட்ட வர்றது நின்னு போச்சு. நான் ரூமுக்குள்ள வந்தா எந்திரிச்சு வெளிய போகும். ஸ்கூட்டர் சாவி சத்தம் கேட்டாக் கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். ஒரே ஒரு தடவைங்க. அதை இப்படி மனசுல வெச்சுக்குமா ஒரு நாய்? நாய்னா நன்றி வேண்டாமா? புரூனோன்னு கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்காது. அவ ராசுன்னு மெதுவாச் சொன்னாப் போதும், அந்தச் சுருட்டை வாலை ஆட்டிக்கிட்டு ஓடும்.

சரி, வழிக்குக் கொண்டு வருவோம்னு ஒண்ணு பண்ணுனேன். புதுசா எடுத்த டிரைவருக எத்தனை பேரை வழிக்குக் கொண்டாந்திருக்கறேன், ஒரு நாய் எந்த மூலைக்கு? அதன்ற தட்டை என்ற நாற்காலிக்குப் பக்கத்துல வெச்சுப்போட்டு, புரூனோன்னு கூப்பிடுவேன். வந்தாச் சோறு, வரலைன்னா இல்லை. காலைல வரலை. பொழுதோட வரலை. மறுநாளும் வரலை. ஆனா ஆளு வாடலையே, என்னடா இதுன்னு பார்த்தா, சம்பூரணம் சீலை முந்தானையில இட்லியைச் சுத்திக் கொண்டுபோய்க் குடுத்துட்டிருக்கறா. எனக்குக் கோவம் வந்துருச்சு. “நாய்க்கு இல்லைன்னா உனக்கும் இல்லை, அது என்கிட்ட வந்து தின்னாத்தான் நீயும் திங்கோணும்”னுட்டேன். அடிக்கலைங்க. நான் கை நீட்டற ஆளில்லை. சட்டம்னா ஊட்டுல எல்லாருக்கும் ஒரே சட்டம், அவ்வளவுதான். அவ எனக்கு மட்டும் சமைச்சு வெச்சுப்போட்டு, மோரைக் குடிச்சுட்டுப் படுத்துக்கிட்டா. அப்பவே சொல்லியிருக்கலாம் பாருங்க, எனக்கு பிரஷர் மாத்திரை இருக்குது, சோறு தின்னுட்டுத்தான் போடோணும்னு. வாயைத் தெறந்து சொல்றதுக்கு என்ன? அப்பத்தான் வாய் இருந்துச்சே.

அது ஆன மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுப்போட்டு, இந்தா இந்த நாற்காலியிலதான், டிவியைப் போட்டுட்டுச் சாஞ்சிருந்தேன். கண்ணு சொக்கற நேரம். காலை எதுவோ பிராண்டுது. பார்த்தா, நாய். தானா வந்திருக்குது! எனக்குச் சந்தோசம் தாங்கலை தம்பி. பசி வந்தா எல்லாம் தானா வரும், பார்த்தியான்னு நெனைச்சேன். “புரூனோ, உக்காரு”ன்னேன். உக்காரலை. சமையக்கட்டுப் பக்கம் ஓடுது, திரும்பி வருது, பிராண்டுது. இதுக்குக் குரைக்கவும் ஒழுங்கா வராதுங்க. தொண்டைக்குள்ளயே கரகரன்னு இழுக்கும். “உக்காரு, உக்காந்தாத்தான் சோறு”ன்னு நான் பொறுமையாச் சொல்றேன். அது வேட்டியைக் கவ்வி இழுக்குது. வேட்டி கிழிஞ்சு போச்சு. வந்த கோவத்துல கழுத்தைப் புடிச்சுத் தூக்கி, குளிக்கற ரூமுக்குள்ள போட்டுக் கதவைச் சாத்திப்போட்டு வந்து படுத்துட்டேன். உள்ளேயிருந்து கதவைப் பிராண்டிட்டே இருந்துச்சு. டிவி சத்தத்தை எச்சாக்கிக்கிட்டேன்.

எந்திரிச்சுப் பார்த்தா டீ வரலை. “சம்பூரணம், டீ”ன்னேன். சத்தமில்லை. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். சரி, நேத்துச் சோறு போடாததுக்கு இன்னைக்கு ஊமையாட்டம் காட்டறாளாட்ட இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டுச் சட்டையை மாட்டிட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க? அதானுங்களே. யாருக்கும் அதுதான் தோணும்.

பொழுது எறங்கி வந்து பார்க்கறேன், சமையக்கட்டுல சுவத்தோரம் கெடக்கறா. வாய் ஒரு பக்கம் கோணிப்போய், கண்ணு மட்டும் தெறந்திருந்துச்சு. சேலத்துக்குக் கொண்டு போனோம். “எப்ப விழுந்தாங்க?”ன்னாரு டாக்டரு. இப்பத்தானுங்க, கொஞ்ச நேரம் முந்தின்னேன். பின்ன என்ன சொல்றது? ஸ்கேனைப் பார்த்துப்போட்டு, “இல்லைங்களே, மத்தியானமே ஆயிருக்குமே. ஆன ஒடனே கொண்டாந்திருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம், இவ்வளவு தூரம் போயிருக்காது”ன்னாரு. மச்சான் பக்கத்துல நின்னுட்டு என்னையவே பார்க்கறாரு, அவ அண்ணன். அதுக்கு நான் என்ன பண்றதுங்க? ஒழுங்காக் குரைக்கத் தெரிஞ்ச நாயா இருந்திருந்தா எந்திரிச்சுப் போய்ப் பார்த்திருப்பேன். இதுவே ஒரு நாட்டு நாயா இருந்திருந்தா என்ற பொண்டாட்டி இன்னைக்கு நடந்துட்டிருப்பா. அதனாலதான் சொல்றேன், உங்க ஊட்டுல வயசானவங்க இருந்தா இந்த நாயை நம்பி விட்டுட்டுப் போகாதீங்க.

காப்பி குடிங்க, ஆறுது. ஏன் அப்படியே வெச்சிருக்கறீங்க?

ஆசுபத்திரில இருந்து வந்த பொறவு ஒரு பிசியோ புள்ள வந்துச்சு, கயல்விழின்னு. கையைத் தூக்கு, வெரலை மடக்குன்னு தெனமும் பாடுபடும். சம்பூரணம் ஒண்ணும் பண்ண மாட்டா. சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவா. ஒருநா அந்தப் புள்ள நாயைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சு, பஞ்சை எடுத்து அவ வலது கையில திணிச்சு, “அம்மா, மூஞ்சி அழுக்கா இருக்குது பாருங்க, தொடைச்சு விடுங்க”ன்னுச்சு. பஞ்சு விழுந்துச்சு. மறுபடியும் திணிச்சுச்சு. நாய் அசையாம மூஞ்சியைக் காட்டிட்டு நிக்குது. எப்பவும் ஒரு எடத்துல நிக்காத நாய் அது. அப்படியே ஒவ்வொரு நாளாப் பழக்கி, கடைசியில ரெண்டு வெரல்ல பஞ்சைப் புடிச்சு மடிப்பைத் தொடைக்கற அளவுக்கு வந்துட்டா. “சார், இதை அம்மா பக்கத்துலயே வெச்சிருங்க, எந்த மருந்தும் இவ்வளவு வேலை செய்யாது”ன்னுச்சு. நானும் பக்கத்துல உக்காந்து என்ற கையை நீட்டிப் பார்த்தேன். புடி, சம்பூரணம், புடின்னேன். என்ற கையை அவ என்னமோ பெஞ்சு, பலகையைப் பார்க்கற மாதிரி பார்த்தா.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பேச்சு வந்துச்சு பாருங்க, அங்கதான் என்னால முடியலை.

ஒருநா ஒரம்பரையெல்லாம் பார்க்க வந்திருந்தாங்க. மச்சான், அவரு ஊட்டுக்காரி, என்ற தங்கச்சி, சம்பந்தி ஊட்டு ஆளுக, ரூம் கொள்ளாத கூட்டம். பேச்சு வருதா, ஆளுகளைத் தெரியுதான்னு கேட்டாங்க. நான் அவ தலைமாட்டுல நின்னு, “சம்பூரணம், நான் யாரு, சொல்லு பார்க்கலாம்”னேன். பார்த்துட்டே இருக்கறா. ஒதடு அசையலை. “நான் யாரு? மூணு வேளையும் ஊட்டி விடறது யாரு?”ன்னேன். எல்லாரும் எட்டிப் பார்க்கறாங்க. அந்த நேரம் பார்த்து இந்த நாய் கூட்டத்துக்குள்ள பூந்து உள்ள வந்துச்சு. அவளுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு. வாயைக் கோணி, கஷ்டப்பட்டு, “ரா… சு”ன்னா. வாதம் வந்து அவ வாயில வந்த முதல் வார்த்தைங்க அது.

எல்லாரும் அழுதுட்டே சிரிக்கறாங்க. என்ற தங்கச்சி வேற, “அண்ணா, உனக்கு அடுத்த எடந்தான் போலிருக்குது”ன்னா. விளையாட்டுக்குத்தான் சொன்னா. ஆனா மச்சான் சிரிக்கலை. “அவளுக்கு யாரைத் தெரியோணுமோ அவனைத் தெரியுது”ன்னுட்டு எந்திரிச்சுப் போனாரு.

அந்த நிமிசமே முடிவு பண்ணிப்போட்டேன். இந்த நாய் இருக்கற வரைக்கும் அவளுக்கு நான் கண்ணுல பட மாட்டேன். எடுத்துப்போட்டா வேற வழியில்லாம என்னையப் பார்த்துத்தானே ஆகோணும்? அவ நல்லதுக்குத்தானுங்க. பிசியோ புள்ளையையும் நிறுத்திப்போட்டேன், எதுத்துப் பேசுது. பூபதிக்கு இன்னும் சொல்லலை. சொன்னா ஒப்பாரி வெப்பான். மசுரு மூச்சுக்குள்ள போகுது, டாக்டர் வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருன்னு சொல்லிக்கலாம்.

சரி, வாங்க, காட்டறேன். குனிஞ்சு பாருங்க, அந்த மூலையில. புரூனோன்னா வராதுங்க. ராசுன்னு கூப்பிடுங்க. நான் கூப்பிட மாட்டேன், நீங்க கூப்பிடுங்க.

பார்த்தீங்களா, ஒரே சத்தத்துக்கு வந்துருச்சு. தூக்கிக்கங்க. கடிக்காது. அதுக்குக் கடிக்கறதுக்கு மூக்கே எடம் விடாது.

அட, பட்டையை விடு சம்பூரணம். தம்பி, ஒரு நிமிசம் இருங்க. இவ கழுத்துப் பட்டையைப் புடிச்சுக்கிட்டா. பாருங்களேன், வலது கைங்க! என்ன பலம்! விடு. விடுன்னா விடோணும். ஒவ்வொரு வெரலாத்தான் எடுக்கோணும்னா எடுக்கறேன். இந்தா, ஒண்ணு. இதையும் விடு. அவ்வளவுதான். நீங்க தூக்கிட்டு நடங்க.

என்ன? யாரு, இவளா பேசுனா? இருங்க, இருங்க தம்பி, பேசாம இருங்க.

கேட்டீங்களா? “வேண்டா… முங்க”ன்னா! நல்லாக் காதுல விழுந்துச்சா? நாயைப் பார்த்து யாராச்சும் மரியாதையா ‘ங்க’ போடுவாங்களா? என்னையப் பார்த்துத்தானுங்க சொன்னா! என்ற மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா! நான் சொல்லலை? நாயை எடுத்தா வாய் வரும்னு நான் சொன்னேனா இல்லையா? இன்னும் வாசல் தாண்டலை, அதுக்குள்ள ரெண்டாவது வார்த்தை வந்துருச்சு.

எதுக்குங்க கீழ எறக்கி விடறீங்க? தூக்குங்க. அவ அழுகறதைப் பார்க்காதீங்க, வாதம் வந்தவங்களுக்குக் கண்ணுல தண்ணி தானா வரும். இங்க பாருங்க, நீங்க கூட்டிட்டுப் போகலைன்னாலும் இது இந்த ஊட்டுல இருக்கப் போறதில்லை. பைபாஸ்ல கொண்டுபோய் விட்டுப்போட்டு வந்துருவேன். லாரிக போற வேகத்துக்கு இது ரோட்டைத் தாண்டுமா தாண்டாதான்னு நீங்களே யோசிச்சுக்கங்க. ஆங், அப்படித் தூக்குங்க. நல்ல மனசு உங்களுக்கு. கேட்டை நானே சாத்திக்கறேன், நீங்க கெளம்புங்க. அம்மிணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

ம். போயிட்டாங்க, சம்பூரணம். கார் சத்தம் கேட்டுச்சில்ல? இனி இந்த ஊட்டுல நீயும் நானுந்தான்.

எங்க, இன்னொருக்கா சொல்லு. முழுசா வரலைன்னாப் பரவாயில்லை. ‘வேண்டாம்’ போகட்டும், அது எனக்குத் தேவையில்லை. அந்தக் கடைசியில வந்துச்சு பாரு, ‘ங்க’ன்னு, அதை மட்டும் சொல்லு. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.